ஆடியில் திறக்காத பெட்டி

உ

வண்ணார்பேட்டை,
பிரமாதி வருஷம் ஆவணி 13,
ஞாயிற்றுக்கிழமை (29-8-99)

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி, ஈரத்தலையோடு குளிரில் இறங்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும், இதை நான் சொன்னால் நீ கேட்க மாட்டாய் என்பதால் காந்திமதி அம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஊர்ச் சங்கதி எல்லாம் பிறகு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படி. நீ ஈமெயிலில் எழுதிய கடிதத்தை நாங்கள் படிக்கவில்லை. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஆடி இருபத்து மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, அப்பா நான் எழுதினதப் படிச்சீங்களா, என்ன சொல்லுதீங்க என்று கேட்டாய் அல்லவா, அதற்கு அவர், படிச்சோம் படிச்சோம், இப்ப என்ன அவசரம், பைய பாப்போம் என்று சொன்னது சுத்தப் பொய். நீ, சரிப்பா, புரியுது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். உனக்கு என்ன புரிந்ததோ, எங்களுக்கு இன்று வரை ஒன்றும் புரியவில்லை. நீ என்ன கேட்டாய், நாங்கள் எதைத் தள்ளிப் போட்டோம் என்றே தெரியாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நீ கூப்பிடவில்லை. இன்றைக்கும் எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், நானும் பாதி சிரித்துக்கொண்டும் பாதி தலையில் அடித்துக்கொண்டும்தான் எழுதுகிறேன். நீ கிளம்புவதற்கு இரண்டு நாளைக்கு முன் எங்களைக் காஜா முகைதீன் கடைக்கு அழைத்துப் போனாயே, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மாடியில், எஸ்.டி.டி. பூத்தோடு இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டு பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டியிருக்கிறாரே, அங்கே. அப்பா பெயரில் ஒரு இலவசத் தபால் பெட்டி உண்டாக்கி, பெட்டியின் விலாசத்தையும் ரகசிய வார்த்தையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாய். நான் அங்கே போனதும் எழுதுவேன், வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்க என்று படித்துப் படித்துச் சொன்னாய். அப்பா அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்தார் என்று உனக்குத் தெரியாது, நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பூஜை அறையில் பிள்ளையார் படத்துக்கு அடியில் வைத்துவிட்டார். புதுசாக ஒரு பெட்டி வந்திருக்கிறது, அதை நல்ல நாள் பார்த்துத் திறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவள்தான் கடையிலேயே திறந்து காட்டினாளே என்று கேட்டேன். பிள்ள தொறந்து காட்டினது வேற, நாம நம்ம கையால தொறக்கது வேற என்றார். நீ போன பிறகு ஆனியில் மிச்சம் இருந்த ஒரு வாரத்தில் அமாவாசை ஒன்றும் அப்பாவின் சளிக்காய்ச்சல் நாலு நாளும் போக ஒன்றும் தேறவில்லை. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

இதில் அவரை மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்லை, நானும் தலையை ஆட்டினேன். இருபத்தெட்டு வருஷம் மின்சார ஆபீசில் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவள் நான். ஆடி மாதம் புது வீட்டுக்கு லைன் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்து நான் பார்த்ததில்லை, ஆவணி பிறந்த அன்றைக்கு வரிசை படிக்கட்டு வரைக்கும் நிற்கும். ஆடி ஒரு மாதம்தான் எங்கள் பிரிவில் டீயை ஆறவிட்டுக் குடிப்போம். ஊருக்கு ஆடி தெரியும், சர்க்கார் ஆபீசுக்கு ஆடி தெரியும், ஜவுளிக்கடைக்காரனுக்கு எங்கள் எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு ஆடி என்று ஒன்று இருப்பது தெரியாது என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவே இல்லை. கடிதம் எங்கே ஓடிப் போய்விடும், பெட்டிக்குள்தானே பத்திரமாகக் கிடக்கும் என்று இருந்துவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது நான் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே அப்பா படிச்சோம் என்று சொன்னது காதில் விழுந்தது, கரண்டியோடு ஓடிவந்தேன், அதற்குள் நீ வைத்துவிட்டாய். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், ஏளா, அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேல பாக்குத பிள்ளகிட்ட ஆடிக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்னு எப்படிச் சொல்லுவேன், சிரிப்பா என்றார். இன்னும் எட்டு ஒன்பது நாளில் ஆவணி பிறந்துவிடும், அதற்குப் பிறகு படிக்கத்தானே போகிறோம், படித்ததைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அது எப்படிப் பொய் ஆகும் என்று நியாயம் வேறு. நீ ஏதோ அங்கே குளிர் ஜாஸ்தி, ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருப்பாய் என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் நீ புரியுது என்று சொன்ன குரலை அவர் சொல்லிக் கேட்டதிலிருந்தே மனசு சரியில்லை. அடுத்த நாளே போய்ப் பார்ப்போம் என்றேன். அந்த வாரம் ஆடி அமாவாசை, பாபநாசத்துக்குப் போய்த் தர்ப்பணம் கொடுக்க வேண்டும், போதாததற்கு அன்றைக்குக் கிரகணம் வேறு, இதற்கு நடுவில் போகவா என்றார். நானும் விட்டுவிட்டேன். அதுதான் என் தப்பு, அவர் தலையில் முழுவதையும் வைக்க மாட்டேன்.

ஆவணி ஏழாம் தேதி திங்கட்கிழமை, ஒன்பதேகாலுக்கு மேல் நல்ல நேரம். அப்பா சலவை வேட்டி கட்டி, விபூதி பூசி, கல்கண்டுப் பொட்டலம் ஒன்று வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார், கடையில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்க. பெண் பார்க்கப் போகிற மாதிரிதான் போனோம். வாங்க அண்ணாச்சி, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க என்று காஜா முகைதீன் நாற்காலி போட்டார். ஆபீசில் தட்டச்சு பழகியவள் என்பதால் நான்தான் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன், அப்பா சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சரிபார்த்தார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இங்கிலீஷில் ஒரு பத்தியைக் காட்டியது. இந்தப் பெட்டியை முப்பது நாளாக யாரும் திறக்கவில்லை, ஆகையால் அதை மூடிவிட்டோம், உள்ளே இருந்தவற்றை அழித்துவிட்டோம் என்று. அப்பாவுக்கு விளங்கவில்லை. நம்ம பெட்டியில வேற ஆள் குடி வந்துட்டாங்களாவே என்று கேட்டார். இல்ல அண்ணாச்சி, பெட்டியவே எடுத்துட்டாங்க என்றார் காஜா முகைதீன். அப்ப அதுல கெடந்த கடிதாசி என்றார் அப்பா. அதுவும் போச்சு அண்ணாச்சி என்று அவர் மெதுவாகச் சொன்னார், துக்கம் சொல்கிறவர் மாதிரி. முப்பத்தொரு வருஷம் தாலுகா ஆபீசில் ரெக்கார்டு பார்த்த மனிதர் உன் அப்பா, பழுதான காகிதத்தை எரிக்கிறதற்குக்கூட ஒரு ரிஜிஸ்டரும் இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்பார். யார் உத்தரவுல அழிச்சான், யார் கையெழுத்து என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொண்டுபோன கல்கண்டைத் திருப்பிக் கொண்டுவர மனசில்லாமல் காஜா முகைதீன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினோம். அன்றைக்கு மத்தியானம் அப்பா மோர் மட்டும்தான் குடித்தார்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். புகார் வாங்கியே தலை நரைத்தவளுக்குப் புகார் எழுதத் தெரியாதா. காஜா முகைதீனுடைய பெட்டியிலிருந்தே அந்தக் கம்பெனிக்கு ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதினேன். ஆடி என்றால் என்ன, ஏன் திறக்கவில்லை, உள்ளே இருந்தது ஒரு மகள் பெற்றவர்களுக்கு எழுதிய கடிதம் என்று எல்லாம் எழுதினேன். மூன்றே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது, எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்களுக்குச் சேவை செய்வதில் பெருமைப்படுகிறோம் என்று ஆரம்பித்து, நான் கேட்காத ஆறு கேள்விக்குப் பதில் சொல்லி, கீழே ஜெனிஃபர் என்று கையெழுத்து. சரி, பெண்பிள்ளை, எடுத்துச் சொன்னால் கேட்பாள் என்று, அம்மா ஜெனிஃபர், உனக்குத் தாயார் இருக்கிறாரா, அவருக்கு நீ எழுதிய கடிதத்தை யாராவது அழித்தால் என்ன செய்வாய் என்று இன்னொரு தடவை எழுதினேன். அதற்கும் மூன்று நிமிஷத்தில், எழுத்து மாறாமல், அதே மதிப்புக்குரிய வாடிக்கையாளர், அதே பெருமை, அதே ஜெனிஃபர். இது ஆள் இல்லக்கா, மிஷினே அனுப்புது என்றார் காஜா முகைதீன். எங்கள் ஆபீசில் பதில் போக நாளாகும், மறுக்கவில்லை. ஆனால் சுடலைவடிவு என்று பீடி சுற்றுகிற அம்மாள் ஒருத்தி மாதா மாதம் வந்து, அவள் வீட்டு பல்பு மினுக்கு மினுக்கு என்கிறது என்று சொல்லிப் போவாள், நான் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டு, அவள் பெயரை நோட்டில் எழுதி, அவள் பேத்தியின் படிப்பையும் விசாரித்துத்தான் அனுப்புவேன். சீக்கிரம் பதில் சொல்வதும் காது கொடுத்துக் கேட்பதும் ஒன்று என்று உங்கள் ஊர்க் கம்பெனிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன போலிருக்கிறது. இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போதுதான் தெரிகிறது, சும்மா கொடுக்கிறவனோடு சண்டைக்கும் போக முடியாது.

இன்னொன்று கேள். அந்த ஜெனிஃபர், நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டபடிதான் அழித்தோம் என்று எழுதியிருந்தாள். நாங்கள் எப்போது ஒப்புக்கொண்டோம் என்று காஜா முகைதீனிடம் கேட்டேன். பெட்டி உண்டாக்கும்போது நீளமாக ஒரு பத்திரம் வரும் என்று அதைத் திரையில் காட்டினார், சுவரொட்டியை உருட்டி விட்ட மாதிரி கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. எங்கேயோ நடுவில் முப்பது நாள் சங்கதி இருக்கிறது. கடைசியில் ஒரு கட்டம், படித்தேன், சம்மதிக்கிறேன் என்று. அதில் அமுக்கினது நீதானடி. நீ அந்தப் பத்திரத்தில் ஒரு வரியாவது படித்தாயா, சொல். நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம், நீ கண் மூடித் திறப்பதற்குள் அமுக்கிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டாய். மகள் படிக்காமலே படித்தேன் என்று அமுக்கினாள், அப்பா படிக்காமலே படித்தேன் என்று போனில் சொன்னார். ஜாடைதான் அவரைப் போல என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இதை அப்பாவிடம் சொன்னேன், மூன்று நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தார்.

புதுசாக ஒரு பெட்டி உண்டாக்கி உடனே உனக்கு எழுதலாமே என்று நீ கேட்பாய். காஜா முகைதீனும் அதைத்தான் சொன்னார். உன் ஈமெயில் விலாசத்தை நீ அந்தப் பெட்டிக்கு உள்ளேயே எழுதி வைத்திருந்தாய், நீங்க தேட வேண்டாம், அங்கனயே இருக்கும் என்று பெருமையாகச் சொன்னாய். சாவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி ஆயிற்று. அதற்குப் பிறகு பூத்திலிருந்து உன் வீட்டுக்குப் போன் போட்டோம். நீ எடுத்தாய், உன் குரல்தான், ஹலோ என்றது. ஏட்டி, எப்படி இருக்க, அம்மா பேசுதேன் என்றேன். நீ பாட்டுக்கு இங்கிலீஷில் பேசிக்கொண்டே போனாய், நான் வீட்டில் இல்லை, சத்தம் வந்த பிறகு சேதி சொல்லுங்கள் என்று. பெற்ற தாய் பேசுகிறேன் என்று சொல்லியும் உன் குரல் என்னைக் கண்டுகொள்ளவில்லை, அது ஒரு மாதிரியாக இருந்தது. சத்தம் வந்ததும் அப்பா பக்கத்தில் நின்று சத்தமா பேசு, சத்தமா பேசு என்று இடித்தார், நான் சித்ரா, அம்மா, என்பதோடு நின்றுவிட்டேன், மறுபடி ஒரு சத்தம், கட்டாகிவிட்டது. இரண்டு தடவை அப்படியே. இந்தப் பெரிய கதையை ஒரு மிஷினிடம் நின்றுகொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பின்னால் ஐந்து பேர் காத்துக்கொண்டிருக்கிறார்கள் வேறு. ஆகையால்தான் இந்தக் கடிதம். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், ஆனால் வழியில் யாரும் அழிக்க மாட்டார்கள்.

ஊரில் விசேஷம் என்று பார்த்தால் உன் சிவசைலம் மாமாதான். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும், கரண்டு போய்விடும் என்று எந்தப் பத்திரிகையிலோ படித்துவிட்டு இப்போதிருந்தே மண்ணெண்ணெய் சேர்க்கிறான். நீ கரண்டு ஆபீசுல இருந்தவதான, உண்மையச் சொல்லுக்கா என்று தினமும் என் உயிரை எடுக்கிறான். நம்ம தெரு டிரான்ஸ்பார்மருக்குத் தேதியே தெரியாது, அது எந்த நாளிலும் நினைத்தபோது போகும் என்று சொல்லி அனுப்பினேன். உன்னைத்தான் அதைச் சரிபண்ண அமெரிக்காவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் ஒரு சந்தேகம் கேட்கிறான், எனக்கும் அது இருக்கிறது. தொண்ணூற்றொன்பதுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியாத மிஷினை எந்தப் புத்திசாலி செய்தான். நம் பஞ்சாங்கம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பிரபவ வருஷத்திலிருந்து ஆரம்பிக்கிறது, அதற்காக யாரையும் விமானத்தில் ஏற்றி வரவழைத்ததில்லை. இதைச் சொல்ல இப்போது எனக்கு வாய் இல்லைதான், பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தானே உன் கடிதத்தைத் தொலைத்தோம். ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது, கார் நெல் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். முருங்கை மரத்தை அப்பா வெட்டிவிட்டார், கம்பளிப்பூச்சி தாங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ என்ன எழுதியிருப்பாய் என்று நானும் அப்பாவும் ஒரு வாரமாக ஊகம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். இன்னும் இரண்டு வருஷம் அங்கே இருக்கப் போகிறாய் என்று அப்பா சொல்கிறார். நான் வேறு சொல்கிறேன். ஆனியில் நீ இங்கே இருந்த பதினெட்டு நாளில் கணேஷ்ராம் என்ற பெயரை ஒரு நாளைக்கு நாலு தடவைக்குக் குறையாமல் சொன்னாய். கணேஷ்ராமுக்கு ரசம் பிடிக்காது, கணேஷ்ராம் கார் ஓட்டினால் தூக்கம் வராது, கணேஷ்ராமின் அம்மா டீச்சர். புகார் நோட்டு எழுதியவளுக்கு ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் கண்ணில் படாதா. அப்பாவிடம் கேட்டால், அந்தப் பையன் அங்கன கேன்டீன் நடத்துதான்னுல்லா நெனச்சேன் என்கிறார். நான் நினைப்பது சரியோ தப்போ, நீ எழுதினால்தான் தெரியும். எதுவாக இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்று இப்போதே எழுதிவிடத்தான் கை வருகிறது. ஆனால் எழுத மாட்டேன். படிக்காமல் சம்மதம் என்று அமுக்குவது நீயும் அப்பாவும் செய்கிற வேலை. நான் படித்துவிட்டுத்தான் சொல்வேன், பிடிக்காதது இருந்தால் அதையும் சொல்வேன், சண்டை போட வேண்டியிருந்தால் போடுவேன். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்துகொள், நாங்கள் இன்னும் உனக்குப் பதிலே சொல்லவில்லை. பைய பாப்போம் என்றது உன் கடிதத்துக்குச் சொன்ன பதில் இல்லை, அது அப்பா தன் வெட்கத்தை மறைக்கச் சொன்னது. அம்மாவும் அப்பாவும் வாய் திறக்கவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்று நீ அங்கே தனியாக உட்கார்ந்து முடிவு கட்டி, எதையாவது விட்டுக்கொடுத்துவிட்டாயோ என்பதுதான் என் பயம். ராத்திரி தூக்கம் வரவில்லையடி. அப்படி விட்டுக்கொடுத்திருந்தால் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள், நாங்கள் படிக்கிற வரைக்குமாவது.

அந்தக் கடிதத்தை ஞாபகம் இருக்கிற மட்டும் மறுபடியும் எழுது. காகிதத்தில், உன் கையெழுத்தில், கோழி கிளறின மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. போனிலும் கூப்பிடு, ஆனால் என்னைக் கூப்பிடச் சொல்லிப் பேசு, அவரிடம் கேட்டால் மறுபடியும் படிச்சோம் என்று சொன்னாலும் சொல்வார். உன் ஈமெயில் விலாசத்தை மறக்காமல் எழுது, அடுத்த பெட்டி உண்டாக்கும்போது அந்தப் பத்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை நான் படிக்கப் போகிறேன், காஜா முகைதீன் கடையைச் சாத்துகிற நேரம் ஆனாலும் சரி. தலைக்கு எண்ணெய் வை. ஊறுகாய் தீர்ந்திருந்தால் அதையும் எழுது. நீ மனசில் நினைத்தது நல்லபடியாகக் கூடி வர வேண்டும், எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
வை. பிரம்மநாயகி

அப்பா இரண்டு வரி எழுதவா என்று கேட்டு இந்தத் தாளை வாங்கி ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். அவர் எழுதியதை அப்படியே விட்டிருக்கிறேன்.

பொருள்: மகளின் கடிதம் படிக்கப்படாமை குறித்து.
பார்வை: 8-8-99 தேதிய தொலைபேசி உரையாடல்.

பார்வையில் கண்ட உரையாடலில், மேற்படி கடிதம் படிக்கப்பட்டதாக என்னால் தெரிவிக்கப்பட்ட விவரம் தவறானது. தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படவில்லை. இதுவரை கிடைக்கப்பெறவே இல்லை. எனவே மறு நகல் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. அது ஆடி ஆனாலும் மார்கழி ஆனாலும், ராகு காலமே ஆனாலும், தபால்காரர் கையிலிருந்து வாங்கிய இடத்திலேயே நின்று பிரிக்கப்படும்.

அப்பா